மென்பொருள் புதுப்பித்தலுக்குப் பின் வலைவழங்கியைச் சோதிக்கும் முறை

பாலக்காட்டைச் சேர்ந்த சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், மறையூர், பீருமேட்டுப் பகுதிகளிலும் தமிழ்வழிக் கல்வி நடைபெற்று வருகிறது. கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிக் கூடங்களுக்கென ‘கைட்’ நிறுவனம் அளிப்பது, உபுண்டுவை அடியாகக் கொண்ட லினக்ஸ் இயக்கமுறையாகும். இணைய இணைப்பு அறுபடும் மலையூரில், ஒரு கணிப்பொறியை வலைவழங்கியாக்கிப் பாடங்களைக் கூடத்திற்குள்ளேயே அளிக்க விரும்பும் ஆசிரியருக்கு இது போதுமானது. (சர்வர் என்பதையே ஈண்டு வழங்கி என்கிறோம். உணவு விடுதியிற் கேட்டதைக் கொணர்பவரும் சர்வரே. தொழில் ஒன்றாதலின் பெயர் பொருந்துகிறது.)

அப்பாச்சி என்னும் வழங்கி, அமைப்புக் கோப்பில் நாம் எழுதிய விதிகளின்படி இயங்குவது. புதுப்பித்தலின்போது மென்பொருள் மாறுகிறது; நாம் எழுதிய விதிகளோ பழையபடியே நிற்கின்றன. பிழைகளிற் பெரும்பாலன இவ்விடைவெளியிலேயே பிறக்கின்றன.

2012 பிப்ரவரியில் அப்பாச்சி 2.4 வெளிவந்தது. அதற்கு முந்தைய 2.2-இல், யாரை அனுமதிப்பது, யாரைத் தடுப்பது என்பதை ‘ஆர்டர்’, ‘அலோ’, ‘டினை’ என்னும் கட்டளைகள் குறித்தன, 2.4-இல் ‘ரிக்வயர்’ என்பது அவற்றின் இடத்தைப் பெற்றது. 2.2-க்கான ஆதரவு 2017-இல் முடிந்துவிட்ட போதிலும், அக்காலத்து வரிகள் படியெடுக்கப்பட்டு இன்றும் உலவுகின்றன. பழைய கட்டளைகளை ஏற்கும் துணைக்கூறு இணைக்கப்படாவிடில், அவற்றைக் கண்ட வழங்கி இயங்க மறுக்கும். அனுமதி விதியே இல்லாவிடில் 403 என்னும் எண் தோன்றும். இவை வாய்விட்டுச் சொல்லும் பிழைகள். ‘கான்ஃபிக்டெஸ்ட்’ என்னும் சோதனை பிழையான வரியின் எண்ணையே காட்டிவிடும். 403-க்குக் காரணம் பிழைப் பதிவேட்டில் இருக்கும். இச்சோதனையை மறுதொடக்கத்திற்கு முன்னரே செய்க.

அஞ்சத்தக்கவை வாய்திறவாப் பிழைகளே. மதிப்பெண் பட்டியல் உள்ள அடைவில், பிறர் நுழையாவாறு ‘எச்.டி.ஆக்செஸ்’ என்னும் மறைகோப்பு வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அக்கோப்பை மதிப்பதா என்பதை ‘அலோ ஓவர்ரைடு’ என்னும் விதி முடிவு செய்கிறது. ஒன்றும் எழுதாவிடத்து, 2.2 அதனை மதித்தது, 2.4 மதிப்பதில்லை. பூட்டு கதவில் தொங்குகிறது, ஆனால் கதவு திறந்திருக்கிறது. பிழைச்செய்தி இல்லை, பக்கங்கள் யாவும் நன்கு திறக்கின்றன, பட்டியலும் திறக்கிறது!

மற்றொன்று, பி.எச்.பி. மொழியில் எழுதிய பக்கங்களைப் பற்றியது. உபுண்டு 20.04-இல் பி.எச்.பி. 7.4 இருந்தது, 22.04-இல் 8.1 உள்ளது. மாற்றத்தின்போது பழைய துணைக்கூறு நீங்கிப் புதியது இணைக்கப்படாவிடில், வழங்கி நிரலை இயக்காது அதன் எழுத்தை அப்படியே அனுப்பிவிடும். அதனுள் தரவுத்தளக் கடவுச்சொல் இருப்பின் அதுவும் உடன் செல்லும். பெரியோருக்கும் இது நேர்ந்ததுண்டு. 2007 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கின் வழங்கியொன்று தவறாக அமைந்திருந்தமையால், முகப்புப் பக்கத்தின் மூலநிரல் பார்வையாளர் சிலருக்குத் தெரிந்து, பின் வெளியே பரவியது.

ஆகவே, புதுப்பிக்குமுன் அமைப்புக் கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தாளில் இரு பத்தி இடுக: திறக்க வேண்டியவை ஒரு பத்தியில், திறக்கக் கூடாதவை மறு பத்தியில். புதுப்பித்த பின் மாணவர் அமரும் கணிப்பொறி ஒன்றிலிருந்து இரண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். முதற்பத்தி 200 என விடைதர வேண்டும். இரண்டாவதற்கு 403 வருவதே வெற்றி. நம்மிற் பலர் முதற்பத்தியுடன் எழுந்துவிடுகிறோம்.

வகுப்பு காத்திருக்கும் அவசரத்தில் 403 தோன்றினால், ‘ரிக்வயர் ஆல் கிராண்டட்’ என்னும் வரியை எல்லா அடைவுகளுக்கும் மேலாக எழுதிவிடும் ஆசை எழும். அது எல்லாக் கதவையும் திறப்பதாகும். பாடங்கள் உள்ள அடைவுக்கு மட்டும் அதனை எழுதுக. நிரல் ஒருமுறையேனும் திரையில் தோன்றியிருப்பின், துணைக்கூற்றை இணைத்ததும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட்டு, இடைப்பட்ட நேரத்தில் அப்பக்கத்தை எந்தெந்தக் கணிப்பொறி கேட்டது என்பதை வருகைப் பதிவேட்டிற் காண்க.