ஹோமாய் வியாரவாலா அம்மையார்

குஜராத்து நாட்டு நவசாரியில் 1913ஆம் ஆண்டு பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஹோமாய் வியாரவாலா அம்மையார். பம்பாயில் ஓவியம் பயின்ற அவருக்கு நிழற்படக் கலையைக் கற்பித்தவர் மானெக்ஷா என்பார். பின்னர் அவரே அம்மையாருக்குக் கணவரானார்.

பெண்கள் இத்தொழிலிற் புகாத காலம் அது. ஆதலின், அம்மையார் எடுத்த படங்கள் முதலிற் கணவர் பெயராலேயே இதழ்களில் வெளிவந்தன. அது கண்டு அவர் சோர்ந்தாரல்லர். 1942இல் தில்லி சென்றார். சேலையுடுத்து, கனத்த கருவியைச் சுமந்து, ஆடவர் கூட்டத்திடையே நின்று பணியாற்றினார். 1947இல் செங்கோட்டையில் நம் கொடி உயர்ந்த காட்சியையும், 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கி நமக்கு வைத்தார்.

1970இல் தொழிலை விடுத்த அவருக்கு, 2011இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 2012இல் அவர் மறைந்தார். பெயரை மறைத்தல் எளிது. உழைப்பை மறைத்தல் அரிது.