விழுந்தவன் உடனே எழும்பலாமா?



அண்ணா பிறந்த நாளையொட்டி தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் போட்டி வைப்பது உங்களுக்குத் தெரியும். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. பையன்களுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10 முதல் 15 கிலோமீட்டர். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் பிள்ளைகள் இதற்காக விடியற்காலையிலே பழகுகிறார்கள். ஜெயிக்கிறதை எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறோம். விழுகிறதை யார் சொல்லிக்கொடுக்கிறோம்? இந்த மாதப் பாடம் அதுதான்.

1. ஏன் விழுகிறார்கள்?

முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், அவன் பின்னால் ஒட்டிப்போகிறவனுக்கு மிதிக்கிற பிரயாசம் குறைவு. அதனால்தான் கூட்டமாய் ஓட்டுகிறார்கள். ஆபத்தும் அங்கேதான். உன் முன்சக்கரம் அவனுடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்திலே நுழைந்திருக்கும்போது அவன் சற்று விலகினால் போதும், இரண்டும் உரசும். முன்னவன் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வான். பின்னவன் விழுவான், ஏனென்றால் சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே முன்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிச் சமாளிப்பதாலே. அவன்மேல் நாலு பேர் விழுவார்கள்.

ஆகவே தம்பி, முன்னவனுடைய சக்கரத்தையே உற்றுப் பார்க்காதே. அவன் தோளுக்கு மேலே ரோட்டைப் பார். நம்ம ஊர் ரோட்டோரத்திலே மணல் இருக்கும், அறுவடைக் காலத்திலே உளுந்தும் கம்பும் காயும். அதன்மேல் திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும்.

2. விழுந்தவனுக்கு முதல் சத்துரு

அது காயமல்ல, வெட்கம். "எல்லாரும் பார்க்கிறாங்களே" என்று துள்ளி எழும்பி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறோம். 2017 மே மாதம் அமெரிக்காவிலே கலிபோர்னியா பந்தயத்தில் லாத்வியா தேசத்து வீரர் டாம்ஸ் ஸ்குயின்ஸ் இறக்கத்திலே விழுந்தார். எழும்பினார், தள்ளாடினார், மற்றவர்கள் வேகமாய் வருகிற பாதையிலேயே தடுமாறி நடந்தார். மறுபடியும் சைக்கிளில் ஏறினார். பிறகுதான் நிறுத்தினார்கள். தலைக்குள் அதிர்ச்சி, காறை எலும்பும் முறிந்திருந்தது. அடிபட்ட மூளை தனக்கு அடிபட்டதை அறியாது! அதனாலே "நல்லாயிருக்கேன்" என்று விழுந்தவன் சொல்லும் சாட்சியை நம்பாதிருங்கள்.

3. பக்கத்திலிருப்பவர் செய்யவேண்டியது

முதலாவது, பின்னால் வருகிறவர்களைக் கையசைத்து எச்சரியுங்கள். கழுத்து வலிக்கிறது என்றாலோ, நினைவில்லை என்றாலோ, தூக்கி உட்காரவைக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பேசுகிறவனிடம் பேர், ஊர், இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள். கேட்டதையே கேட்டால், வாந்தி எடுத்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால் தாமதிக்க வேண்டாம். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை உண்டு. விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு.

கையை ஊன்றி விழுந்தவனுக்குக் காறை எலும்பு முறிவது சகஜம். துண்டாலே கையை மார்போடு சேர்த்துக் கட்டி அழைத்துப் போங்கள். சிராய்ப்பைச் சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். காப்பித்தூள் அப்பாதீர்கள். டி.டி. ஊசி போடவேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

4. ஜெபமும் ஹெல்மெட்டும்

"ஜெபம் பண்ணிட்டுத்தானே போறேன் ஐயா, ஹெல்மெட் எதுக்கு?" என்று ஒரு வாலிபத் தம்பி என்னிடம் கேட்டான். "ஜெபித்த தலைக்கும் மண்டையோடு ஒன்றுதான் தம்பி" என்றேன். 2003 மார்ச்சில் பிரான்சிலே பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து, மறுநாள் மரித்துப்போனார். அவர் பழக்கமில்லாதவரல்ல, தேர்ந்த வீரர். அந்த வருஷமே உலக சைக்கிள் சங்கம் பந்தயங்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிற்று. ஒருதரம் பலமாய் அடிவாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள்; வெளியே நன்றாய்த் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும்.

பெற்றோரே, பிள்ளை சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தால் முதலாவது திட்டாதிருங்கள். திட்டுக்குப் பயந்த பிள்ளை முழங்கைக் காயத்தைக் காட்டும், தலையில் பட்ட அடியை மறைக்கும். "எங்கே அடிபட்டது, கண்ணு?" என்று கேளுங்கள். அன்று இரவு பக்கத்திலே படுத்துக் கவனியுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சைக்கிளைக் கொடுக்காதிருங்கள். அடுத்த வருஷமும் போட்டி வரும். பிள்ளை ஒன்றுதானே!