ஜெபமும் வைத்தியமும்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 20:1-7



டாக்டரிடம் போனால் விசுவாசம் குறைந்துபோச்சு என்று சிலர் சொல்றாங்க. இந்தச் சம்பவத்தைப் பாருங்க.

2012 மார்ச் 17, லண்டன். கால்பந்து விளையாடிக்கொண்டிருந்த 23 வயது ஃபாப்ரீஸ் முவாம்பா மைதானத்தில் விழுந்தார். இருதயம் நின்றுபோனது. பார்வையாளராக வந்திருந்த ஒரு இருதய டாக்டர் இறங்கி ஓடினார். மார்பை அழுத்தினார்கள், 15 தடவை மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். 78 நிமிஷம் கழித்தே இருதயம் துடித்தது.

அவருக்கு ஒரு சின்ன மகன் உண்டு. அவர் அபாய நிலையில் கிடந்தபோது, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சகோதரி எல்லாரையும் ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார். அநேகர் ஜெபித்தார்கள்.

பிழைக்க வைத்தது ஜெபமா, டாக்டரா? இரண்டையும் பிரிக்காதீங்க. எசேக்கியாவின் ஜெபத்தைக் கேட்டு, குணமாக்குவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகுதான், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னான். அது அவிசுவாசமா? இல்லவே இல்லை.

இன்னொன்று. முவாம்பாவால் மறுபடி விளையாட முடியல. அதே ஆகஸ்டில் ஆட்டத்தை விட்டார். அக்டோபரில் அந்தச் சகோதரியை விவாகம் பண்ணினார். இழந்ததும் உண்டு, ஆனாலும் தேவனுக்கு நன்றி சொன்னார். இதுவும் விசுவாசமே.

வீட்டில் யாராவது திடீரென்று விழுந்து, மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்தால், ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். ஒருவர் நடு மார்பை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்தட்டும். மற்றவர்கள் ஜெபிக்கட்டும். மூன்றும் விசுவாசத்தின் கிரியையே.

கர்த்தர் உங்கள் குடும்பங்களைக் காப்பாராக. ஆமென்.