‘பிரைடு’: பெருமையா, செருக்கா?

கேள்வி: ‘பிரைடு’ என்ற ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் புகழ்ச்சியாகவும் இன்னோரிடத்தில் இகழ்ச்சியாகவும் வருகிறது. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: உடன் வரும் சொற்களே பொருளைக் காட்டிக்கொடுக்கும். பிள்ளைகள், வேலை, ஊர் ஆகியவற்றோடு ‘இன்’ (in) என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து வந்தால் அது பெருமிதம். புண்பட்டதாகவோ, விட்டுக்கொடுக்க மறுப்பதாகவோ வந்தால் தன்மானம்; பேச்சுவழக்கில் ரோஷம். வீழ்ச்சியோடு வந்தால் சந்தேகமே வேண்டாம், செருக்குதான். கிறிஸ்தவ மரபின் ஏழு தலையான பாவங்களில் முதலிடம் இதற்கே. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் தலைப்பிலும் இந்தப் பொருளே முன்நிற்கிறது.

பக்கத்தில் சிங்கம் நின்றால் குணத்தைத் தேட வேண்டாம். அது சிங்கக் கூட்டத்தின் பெயர். உறவுமுறைப் பெண் சிங்கங்களும் குட்டிகளும் சில ஆண் சிங்கங்களும் சேர்ந்தது அக்கூட்டம். இந்த வழக்கு 15ஆம் நூற்றாண்டிலேயே உண்டு.

முதலெழுத்தைப் பெரிதாக்கி, ஜூன் மாதத்தோடும் பேரணியோடும் எழுதினால், பால்புதுமையினரின் சுயமரியாதை இயக்கத்தைக் குறிக்கும். 1969 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் எழுந்த எதிர்ப்பே அதன் தொடக்கம். ஓராண்டு கழித்து முதல் பேரணி நடந்தது. இங்கு அச்சொல் வெட்கத்துக்கு நேர் எதிர்ச்சொல்.