துறையறிந்து நடத்தல்: போர்ட் கிள்ளான் கரை கற்பிக்கும் பாடம்

தமிழில் 'துறை' பல பொருள் தரும் சொல். ஆற்றில் இறங்கும் இடம் துறை. படகு கட்டும் இடமும் துறை. கப்பல் வந்து நிற்கும் இடம் துறைமுகம். இலக்கணத்தில் திணையை அடுத்து வருவது துறை. பல்கலைக்கழகத்தில் நாம் பயில்வதும் ஏதேனும் ஒரு துறையில்தான். ஒரு கல்வியை முற்றக் கற்றவரைத் 'துறைபோகியவர்' என்பது பழைய தமிழ் வழக்கு. இத்தனை பொருளுக்கும் அடியில் இருப்பது நீர்க்கரை. நீரில் எங்கே அச்சமின்றி இறங்கலாம், எங்கே ஏறலாம் என்று மனிதன் கண்டறிந்த இடமே துறை. அது ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. ஆகவே, அங்கே எப்படி நடந்துகொள்வது என்ற கேள்வியும் துறையோடு சேர்ந்தே பிறந்தது எனலாம்.

அக்கேள்விக்குப் போர்ட் கிள்ளான் கரையில் விடை காண முற்படுகிறது இக்கட்டுரை. பண்பு என்றவுடன் இன்சொல்லும் புன்முறுவலுமே நம் நினைவுக்கு வருகின்றன. துறையில் அவை மட்டும் போதா. தன் வேலையை முன்கூட்டியே முடித்துக்கொண்டு, பிறர் நேரத்தைக் கெடுக்காமல் இறங்கி ஏறுவதே துறைப் பண்பின் உயிர். ஏன் என்பதைப் பார்ப்போம்.

நகரைப் பெற்ற துறை

கோலாலம்பூர் ஒரு படகுத்துறையில் பிறந்த நகரம். 1857ஆம் ஆண்டு ராஜா அப்துல்லா 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே ஈயம் தேட அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்தில் படகைவிட்டு இறங்கிய அவர்கள், அங்கிருந்து காட்டு வழியே அம்பாங் நோக்கி நடந்தார்கள். அந்த இறங்குமிடமே பின்னாளில் தலைநகரமாயிற்று.

ஆற்றின் மறுமுனையில், கடல்வாயிலில், 1901இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட அத்துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் கண்டது. ரஜூலா போன்ற கப்பல்களில் வந்து இங்கே கால் பதித்த தமிழர் பலர். நம்மில் சிலருடைய பாட்டன் பாட்டிமார் இந்நாட்டு மண்ணை முதலில் மிதித்த இடம் இதுவாகவே இருக்கலாம்.

இன்றைய போர்ட் கிள்ளான் என்றால் மலைபோன்ற கொள்கலன் கப்பல்களே பலருக்கும் தெரியும். ஆனால், அவற்றின் அருகிலேயே சிறிய துறைகளும் இயங்குகின்றன. கொமுட்டர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து சேரும் தொலைவில் உள்ள பயணிகள் துறையிலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. பாகான் ஹைலாம், தெலுக் கோங் போன்ற இடங்களில் மீனவர் படகுகள் கட்டப்பட்டுள்ளன. வார இறுதியில் தூண்டிலோடு வருவோர், படகை வண்டியில் இழுத்து வந்து சாய்தளங்களில் இறக்குகிறார்கள். பிழைப்புக்காக வருபவரும் பொழுதுபோக்குக்காக வருபவரும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும் இடங்கள் இவை.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்றும் 48, 49, 50ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. அவை ஆட்சி செய்வோனுக்குச் சொன்னவை. எனினும், படகு இறக்குவோனுக்கும் ஏறுவோனுக்கும் அம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. துறையில் காலமே முதலில் நிற்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

காலமறிதல்

கடல்நீர் உயர்வதையும் தாழ்வதையும் தமிழில் ஓதம் என்பர். நீர் ஏற்றம், நீர் வற்றம் என்றும் சொல்லலாம். இங்குள்ளோர் ஆயேர் பாசாங், ஆயேர் சுருட் என்கின்றனர். சென்னைக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான். போர்ட் கிள்ளானிலோ முழுநிலவு, அமாவாசை ஆகிய உவா நாள்களை ஒட்டி அது 4 மீட்டரையும் தாண்டும். ஓர் ஆள் உயரத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல் நீர் ஏறி இறங்குகிறது என்று பொருள். நீர் வற்றினால் சாய்தளத்தின் கீழ்முனை சேற்றில் முடியும். அந்நேரத்தில் படகை இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது.

ஓதம் எவ்வளவு விரைவாக இறங்கும் என்பதற்கு மாலுமிகள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். நீர் முழுதும் வற்ற ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். மொத்த இறக்கத்தை 12 பங்காக்கினால், முதல் மணி நேரத்தில் 1 பங்கு இறங்கும். இரண்டாம் மணியில் 2, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் 2, ஆறில் 1 பங்கு. இறக்கம் 4 மீட்டர் என்றால், மூன்றாம் மணியிலும் நான்காம் மணியிலும் மணிக்கு 1 மீட்டர் வீதம் நீர் தாழ்கிறது. அதாவது, 20 நிமிடத் தாமதம் 33 சென்டிமீட்டர் நீரைப் பறித்துக்கொள்ளும். ஒரு சிறிய பைபர் படகு தரை தட்ட அது போதும்.

இப்போது வரிசையில் 6 படகுகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் 5 நிமிடத்தில் இறக்கினால் அரை மணி நேரத்தில் எல்லாரும் நீரில் இருப்பர். ஒவ்வொருவரும் 15 நிமிடம் எடுத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரம் ஆகும். வேறுபாடு 1 மணி நேரம். நீர் விரைந்து வற்றும் வேளையில் அது 1 மீட்டர் நீர். கடைசியில் நிற்பவர் அன்று கடலுக்குப் போகவே முடியாமல் போகலாம். அவர் மீனவராக இருந்தால் அன்றைய வருமானமும் போயிற்று. முன்னால் நின்றவர் அவரிடம் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஆயினும், அவரது உழைப்பைக் கெடுத்தவர் அவரே.

ஓதம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்தும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இந்த ஞாயிறு காலை 7 மணிக்கு நீர் நிறைந்திருந்தால், அடுத்த ஞாயிறு அதே 7 மணிக்கு நீர் ஏறக்குறைய வற்றியிருக்கும். ஆகவே, "போன வாரம் இப்படித்தான் போனோம்" என்பது துறையில் செல்லாது. பூலாவ் இண்டாவில் அமைந்துள்ள தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. புறப்படுமுன் அதைப் பார்ப்பது தன் நலத்துக்கு மட்டுமன்று. வரிசையில் நிற்கும் பிறர் நலத்துக்கும்தான்.

இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. தீபகற்ப மலேசியாவில் நிலத்தின் உயரங்களை அளக்க அடிப்படையாகக் கொள்ளப்படும் சராசரிக் கடல்மட்டம், 1984 முதல் 1993 வரை போர்ட் கிள்ளானில் பதிவான ஓத அளவுகளிலிருந்து பெறப்பட்டது. கேமரன் மலையின் உயரத்தைச் சொல்லும்போதும் நாம் இக்கரையைத் தொட்டே சொல்கிறோம்.

இடனறிதல்

சாய்தளம் என்பது ஏறி இறங்கும் இடம். ஆயத்தம் செய்யும் இடம் அன்று. துறை வழக்கங்களில் முதன்மையானது இதுவே. உலகெங்கும் படகுக்காரர்கள் ஒப்புக்கொண்ட வழக்கங்கள் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. தூண்டில், ஐஸ் பெட்டி, எண்ணெய், உயிர்காப்பு மேலாடை அனைத்தையும் வண்டி நிறுத்துமிடத்திலேயே படகில் ஏற்றிவிட வேண்டும். படகின் பின்புறம் நீர் வடியும் துளையை அடைத்தாயிற்றா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். அதை மறந்தவர் படகு நீரில் இறங்கியதும் நிரம்பத் தொடங்கும். பின்னால் நிற்பவர் அனைவரும் காத்திருக்க நேரும்.

2. முறை வந்த பிறகே பின்னோக்கிச் செலுத்த வேண்டும். இரு வண்டிக்கு இடமுள்ள தளத்தில் நடுவில் நிற்கக் கூடாது.

3. படகு மிதந்ததும் ஒருவர் அதைக் கயிற்றால் பிடித்து ஓரமாகக் கொண்டுபோக, மற்றவர் வண்டியை உடனே மேலேற்றி நிறுத்த வேண்டும்.

4. விடியுமுன் வருவோர் பின்னோக்கி இறங்கும்போது முகப்பு விளக்கை அணைத்துச் சிறு விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். வண்டியின் முகம் அப்போது மேட்டை நோக்கியிருப்பதால், பெருவிளக்கு காத்திருப்போரின் கண்ணைக் கூசச் செய்யும்.

5. திரும்பி வரும்போது இயந்திர விசையாலேயே படகை வண்டிமேல் ஏற்றக் கூடாது. சுழலும் விசிறி தளத்தின் கீழ்முனையில் மண்ணை அரித்துக் குழியாக்கிவிடும். அடுத்து வருபவரின் வண்டிச் சக்கரம் அக்குழியில் விழும்.

6. துறையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். நாம் எழுப்பும் அலை, கட்டியிருக்கும் படகுகளை ஒன்றோடொன்று மோதச் செய்யும்.

7. அறுந்த தூண்டில் நரம்பு, நெகிழிப் பை, மீன் கழிவு எதையும் தளத்தில் விடக் கூடாது.

கயிறு கட்டுவதில்கூட ஒரு பண்பு உண்டு. முளையில் ஏற்கெனவே வேறொருவரின் கயிற்று வளையம் இருந்தால், அதன் மேல் நம் வளையத்தைப் போட்டு அமுக்கக் கூடாது. நம் வளையத்தை அவருடைய வளையத்துக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து, பிறகு முளையில் மாட்ட வேண்டும். அப்போது இருவரில் எவர் முதலில் புறப்பட்டாலும் மற்றவர் கயிற்றை அவிழ்க்காமல் தம் கயிற்றை எடுத்துக்கொள்ளலாம். இருவரும் சந்தித்துப் பேசாமலேயே ஒருவருக்கொருவர் செய்யும் உதவி இது.

வலியறிதல்

படகுக்கு ஒரு கொள்ளளவு உண்டு, துறைக்கும் உண்டு. இதை மறந்தால் என்ன நேரும் என்பதை நம் நாடு அறியும். 1988 ஜூலை 31ஆம் நாள், பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹாலிம் பெர்ரி முனையத்தில் திருவிழாக் கூட்டம் நிரம்பி வழிந்தது. அந்தச் சுமையைத் தாங்காமல் மேல்நடைபாதை இடிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அங்கே நின்றிருந்த பயணிகளைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. கட்டடத்தின் வலிமையை அறிவது அதைக் கட்டி நடத்துவோரின் கடமை. ஆனால், துறையில் நெரிசல் என்பது வெறும் எரிச்சல் தரும் விஷயமன்று, உயிரோடு தொடர்புடையது என்பதை நாம் மறக்கலாகாது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைக் காணப் பயணிகள் பலர் ஒரே பக்கம் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உட்காரச் சொன்னால் உட்காருவது, இடமில்லை என்றால் அடுத்த படகுக்குக் காத்திருப்பது, உயிர்காப்பு மேலாடையைக் கேலி செய்யாமல் அணிவது ஆகியவை கோழைத்தனம் அல்ல. உடன் வருபவரின் உயிருக்கு நாம் தரும் மதிப்பு அது.

பண்புடைமை

கெத்தாம் தீவுக்குச் சுற்றுலா செல்வது மாணவர்களிடையே வழக்கமான ஒன்று. நமக்கு அது ஒருநாள் உல்லாசம். சேற்றின் மேல் தூண்கள் நட்டு வீடு கட்டி வாழும் தீவு மக்களுக்கோ அப்படகுதான் பேருந்து. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அதில்தான் போகவேண்டும். முப்பது பேர் கொண்ட குழுவாகச் சென்று, நண்பர்களுக்கு இடம் பிடித்து, வாயிலை அடைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், மூட்டையோடு நிற்கும் மூதாட்டி எங்கே ஏறுவார்? இறங்குவோருக்கு முதலில் வழிவிட வேண்டும். தீவுவாசிகளையும் முதியோரையும் முன்னே அனுப்ப வேண்டும். பெரிய குழுவாகச் சென்றால் இரண்டு படகுகளில் பிரிந்து செல்லவும் தயங்கக் கூடாது.

இந்நாட்டில் கூட்டத்தைக் கடக்கும்போது உடலைச் சற்றுக் குனிந்து, வலக்கையை முன்னே நீட்டி, 'தும்பாங் லாலு' என்று சொல்லிச் செல்வது மலாய்க்காரர் வழக்கம். நம் வீடுகளிலும் பெரியோர் முன்னே அப்படித்தான் குனிந்து நடந்தோம். வயதான மலாய் மீனவரைப் 'பாக் சிக்' என்றும், சீனப் படகோட்டியை 'அங்கிள்' என்றும், நம்மவரை 'அண்ணே' என்றும் அழைத்துக் கேட்டால் துறையில் உதவி கிடைக்காமல் போவதில்லை. படகை இறக்கத் தடுமாறுபவரைப் பார்த்துச் சிரிப்பதும், கைப்பேசியில் பதிவு செய்வதும் வேண்டா. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தால் அவர் வேலையும் முடியும். நம் முறையும் விரைவில் வரும்.

1970ஆம் ஆண்டு பிரகடனப்படுத்தப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையையும் ஒழுக்கத்தையும் பேணுதல். பள்ளிச் சபை கூடலில் அதை உரக்கச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சொன்னதைச் செயலில் காட்ட மேடை தேவையில்லை. பொதுத்துறையின் சாய்தளம் ஒன்றே போதும். அங்கே காவலர் இல்லை, மதிப்பெண் இல்லை, நம் பெயர் எவருக்கும் தெரியாது. பின்னால் நிற்பவருக்கு எவ்வளவு நீரை விட்டுச் செல்கிறோம் என்பது மட்டுமே அங்கே அளவுகோல்.

மாணவர்களே, முன்னாள் மாணவர்களே! அடுத்த முறை குடும்பத்தோடோ கழகத்தோடோ போர்ட் கிள்ளான் செல்லும்போது, முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள். செய்யவேண்டிய ஆயத்தங்களைக் கரையிலேயே முடியுங்கள். முறை வந்ததும் விரைந்து இறங்கி, அடுத்தவருக்கு வழிவிடுங்கள். துறைபோதல் என்பது நூல் கற்று முடிப்பது மட்டுமன்று. துறையை அடுத்தவருக்கு ஏற்றதாக விட்டுச் செல்வதும்தான்.