கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள்



நமது கடைகளில் பேச்சு தமிழில்தான் நடக்கிறது. ஆனால் பில், காசோலை, லாரி ரசீது, கம்பெனிக் கடிதம், விலைப்பட்டியல் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. முன்பு தபாலில் வந்தவை இப்போது கைபேசியில் வருகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கிலம் சரளமாகப் பேச வராதது ஒரு குறையே அல்ல. ஆனால் நாம் கையெழுத்துப் போடும் தாளில் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் வெளிமாநில மண்டிக்குப் போன் போட்டு உளுந்துக்கு ஆர்டர் கொடுத்தார். எதிர்முனையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. இவர் 'ஃபிஃப்டீன்' என்றார். அவர் 'ஃபிஃப்டி' என்று எழுதிக்கொண்டார். 15 மூட்டை வரவேண்டிய இடத்தில் 50 மூட்டை வந்து இறங்கியது. கடையில் இடமில்லை, கையில் பணமும் இல்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அடக்க விலைக்கு எடுத்துக்கொண்டதால் தப்பித்தார். அந்த 35 மூட்டைக்கான லாரி வாடகையும் இறக்குகூலியும் அவர் கையைவிட்டுப் போயின. இப்படி நாம் அடிக்கடி தடுமாறும் சில சொற்களைப் பார்ப்போமா?

1. பதினைந்தா, ஐம்பதா?

13-30, 14-40, 15-50 என்று 19-90 வரை எல்லா ஜோடிகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. போனில் சொல்லும்போது எண்ணைச் சொல்லிவிட்டு, இலக்கங்களையும் தனித்தனியே சொல்லுங்கள். 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்' என்றால் யாரும் தவறாக எழுத முடியாது. பிறகு ஒரு வரியில் எழுத்து மூலமும் அனுப்பிவிடுங்கள்.

2. 'பை' வேறு, 'அன்டில்' வேறு

தமிழில் '10ஆம் தேதிக்குள்' என்பதும் '10ஆம் தேதி வரை' என்பதும் வேறு வேறு. ஆங்கிலத்திலும் அப்படியே. பணம் 10ஆம் தேதிக்குள் கொடுப்போம் என்பதற்கு 'பை' போடவேண்டும். இந்த விலை 10ஆம் தேதி வரை செல்லும் என்பதற்கு 'அன்டில்' போடவேண்டும். 'சரக்கை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்' என்று சொல்ல நினைத்து 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று பொருளாகிவிடும்.

3. 'விதின்' வேறு, 'ஆஃப்டர்' வேறு

'விதின் 15 டேஸ்' என்றால் 15 நாளுக்குள் எந்த நாளிலும் கொடுக்கலாம். 'ஆஃப்டர் 15 டேஸ்' என்றால் 15 நாள் கழிந்த பிறகுதான். கடன் தவணை பேசும்போது இதில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் தலையாட்டாதீர்கள்.

இந்த 'விதின்' எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காசோலைச் சட்டமே சாட்சி. பணமில்லாமல் காசோலை திரும்பினால், 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவுப்படி, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணவேண்டும். ஜூன் 1ஆம் தேதி தகவல் வந்தால் ஜூலை 1ஆம் தேதிக்குள் நோட்டீஸ் போகவேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடவேண்டும். 'ஆள் தெரிந்தவர்தானே, அப்புறம் பார்க்கலாம்' என்று நாளைக் கடத்தி, உரிமையை இழந்தவர்கள் நம்மில் உண்டு.

4. 'கிரெடிட் நோட்'டும் 'டெபிட் நோட்'டும்

'கிரெடிட்' என்றாலே கடன் என்று நாம் பழகிவிட்டோம். ஆகவே கம்பெனியிலிருந்து 'கிரெடிட் நோட்' வந்தால் நமக்குக் கடன் ஏறிவிட்டது என்று சிலர் பயந்துபோகிறார்கள். உண்மை நேர் எதிர். நாம் சரக்கைத் திருப்பினாலோ, பில்லில் விலை அல்லது வரி கூடுதலாகப் போட்டிருந்தாலோ, விற்றவர் நமக்குக் கொடுப்பது 'கிரெடிட் நோட்'. நமது பாக்கி அந்த அளவுக்குக் குறைகிறது. பில்லில் குறைவாகப் போட்டிருந்தால் அவர் அனுப்புவது 'டெபிட் நோட்'. அப்போது நமது பாக்கி கூடுகிறது. 2017இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டத்திலும் இதே பொருள்தான். வரும் நோட்டைப் பேரேட்டில் எந்தப் பக்கம் ஏற்றுகிறார் என்று கணக்குப்பிள்ளையை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

5. 'அக்செப்ட்'டும் 'எக்செப்ட்'டும்

காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். 'ஏ' எழுத்தில் தொடங்கினால் 'ஏற்றுக்கொள்கிறோம்' என்று பொருள். 'ஈ' எழுத்தில் தொடங்கினால் 'தவிர' என்று பொருள். 'கிழிந்த மூட்டைகளைத் தவிர மற்றதைப் பெற்றுக்கொண்டோம்' என்று எழுத நினைத்து எழுத்தை மாற்றிவிட்டால், கிழிந்ததையும் ஏற்றுக்கொண்டதாக வாதம் கிளம்பும். சந்தேகம் இருந்தால் லாரி ரசீதில் தமிழிலேயே, '3 மூட்டை கிழிசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தெளிவான தமிழ், தவறான ஆங்கிலத்தைவிட எவ்வளவோ மேல்.

6. கொடுப்பதும் வாங்குவதும்

'லெண்ட்' என்றால் கடன் கொடுப்பது. 'பாரோ' என்றால் கடன் வாங்குவது. அவரிடம் பத்தாயிரம் கடன் வாங்கினேன் என்பதற்கு 'லெண்ட்' என்று எழுதினால், கொடுக்கவேண்டியவர் பெறவேண்டியவராக மாறிவிடுவார்!

7. 'டவுட்' என்று எழுதலாமா?

நாம் விளக்கம் கேட்பதற்கெல்லாம் 'டவுட்' என்கிறோம். நம் ஊரில் இது புரியும். ஆனால் வெளிநாட்டுக்காரருக்கு 'உங்கள் பில்லில் எனக்கு டவுட்' என்று எழுதினால், அவருடைய நாணயத்தையே சந்தேகிப்பதாக நினைத்துக்கொள்வார். அங்கே 'கொஸ்டின்' என்றோ 'கிளாரிஃபிகேஷன்' என்றோ போடுங்கள். அதுபோல, பணம் கேட்கும்போது 'டிமாண்ட்' என்பது அதட்டல்; 'ரிக்வெஸ்ட்' என்பது வேண்டுகோள். முதல் கடிதத்திலேயே அதட்ட வேண்டுமா?

8. 'ஆமாம்' என்றால் 'யெஸ்' ஆகுமா?

'சரக்கு இன்னும் அனுப்பவில்லையா?' என்று கேட்டால் தமிழில், 'ஆமாம், அனுப்பவில்லை' என்கிறோம். இதையே ஆங்கிலத்தில் கேட்கும்போது வெறுமனே 'யெஸ்' என்றால், 'அனுப்பிவிட்டோம்' என்று பொருள்! அனுப்பவில்லை என்றால் 'நோ' என்றுதான் தொடங்கவேண்டும். 'நோ, நாட் சென்ட்' என்று முழுதாகச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

9. 'பெஸ்ட் பிஃபோர்', 'யூஸ் பை'

மளிகைக் கடைக்காரர்கள் தினமும் பார்க்கும் சொற்கள் இவை. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது, அந்தத் தேதி வரை சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்று தயாரிப்பாளர் சொல்வது. 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்பது கெடு. அது தாண்டிய பொருளை விற்கவே கூடாது. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள்படி, பாக்கெட் உணவில் பொதுவாகக் கெடு தேதி இருந்தாக வேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' கூடுதலாக இருக்கலாம். இரண்டும் இருந்தால் கெடு தேதியைத் தவறாமல் பாருங்கள். கடைப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

10. ஒலி ஒன்று, எழுத்து வேறு

வட்டிக் கணக்கில் வரும் 'பிரின்சிபல்' என்பது அசல். கொள்கை என்ற பொருளில் வருவதும் கிட்டத்தட்ட அதே ஒலிதான். 'அசல்' என்பது 'ல்'லில் முடிகிறது. அதற்கான ஆங்கிலச் சொல்லும் 'ஏ, எல்' என்று முடிகிறது. கொள்கையைக் குறிப்பது 'எல், ஈ' என்று முடியும். 'ஸ்டேஷனரி' கடைப் பலகையில் முடிவு 'ஈ, ஆர், ஒய்' என்று இருக்கவேண்டும். 'ஏ, ஆர், ஒய்' என்று எழுதினால் 'அசையாமல் நிற்பது' என்று பொருள். 'என்வலப்' 'ஈ'யில் தொடங்குவதை நினைவில் வைத்துக்கொண்டால் பெயர்ப் பலகையில் தவறு வராது.

கடைசியாகக் காசோலை. எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால், மேலே சொன்ன சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி எழுத்தில் உள்ளதே தொகையாகும். வங்கி அதைத் திருப்பி அனுப்பவும் கூடும். தொகையின் முடிவில் 'ஒன்லி' போடுவது வெறும் அலங்காரம் அல்ல. பின்னால் யாரும் ஒரு சொல்லைச் சேர்த்துவிடாமல் இருப்பதற்குத்தான்.

நாம் சொல்ல வருவது இவ்வளவுதான். புரியாத சொல் இருந்தால் பெற்ற பிள்ளையிடமோ, கணக்குப்பிள்ளையிடமோ கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது ஐந்து நிமிட வேலை. கேட்காமல் போட்டதைத் திருத்த ஐந்து மாதமும் ஆகலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டு வைத்து, தடுமாறிய சொற்களைக் குறித்துவாருங்கள். ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பார்கள். நம் தொழிலில் அது லாபமாகவும் நஷ்டமாகவும் கணக்கில் ஏறுகிறது.