ஓவியக் கல்வியும் நூறு என்னும் எண்ணும்

முன்னுரை

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்றைக் காட்டுகிறது. அங்கு வந்தோர் ஓவியங்களைச் சுட்டி, இது யாது என வினவுகின்றனர், அறிந்தோர் விளக்குகின்றனர். காண்பதும் வினவுவதும் விளக்குவதும் கல்வியே என்பதைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர் எனலாம். ஆயின் இன்றைய பள்ளிகளில் ஓவியம் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவே பெரிதும் கருதப்படுகிறது. இந்நிலை மாறுதற்குரிய வழியை வடசென்னையின் முகத்துவாரக்குப்பத்தை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னைக் கலைப்பள்ளி தரும் பாடம்

1850ஆம் ஆண்டில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். துறைமுகத்தை அடுத்த பிராட்வேயில் தோன்றிய அப்பள்ளியைப் பின்னர் அரசு ஏற்றது. பெரியமேட்டில் இயங்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வளர்ச்சியே ஆகும்.

அப்பள்ளியின் வரலாறு நெடுகிலும் ஒரு வினா தொடர்கிறது. கலைக்கல்வி கைத்தொழிலுக்கா, படைப்பாற்றலுக்கா என்பதே அவ்வினா. 1884இல் பொறுப்பேற்ற ஈ.பி. ஹேவல் இந்தியக் கைவினை மரபே பாடத்தின் அடித்தளமாக வேண்டும் என்னும் கருத்தினர். 1929இல் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் முதன்மை அளித்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. அவருக்குப்பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவாயிற்று. அங்குக் கலைஞர்கள் பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று, அவ்வருவாயால் தம் படைப்புப் பணியைக் காத்தனர். தொழிலும் படைப்பும் பகையல்ல என்பதை அவர்கள் வாழ்ந்தே மெய்ப்பித்தனர்.

சட்டமும் எண்ணும்

ஆங்கில அறிஞர் ஹெர்பர்ட் ரீட் 1943இல் வெளியிட்ட நூலில், கலையே கல்வியின் அடிப்படை என வாதிட்டார். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், பத்தாம் வகுப்புவரை கலையைக் கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. கொள்கையளவில் குறையொன்றும் இல்லை.

குறை நடைமுறையில் தொடங்குகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கலைக்கல்விப் பயிற்றுநரை விதிக்கிறது. ஆயின் அவர் பகுதிநேரப் பயிற்றுநர். அதுவும் மாணவர் சேர்க்கை நூறுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் மாத ஊதியத்தில் அமர்த்தப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள்களே அவர்தம் பணி. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெற்றுவரும் கலைத் திருவிழா வரவேற்கத்தக்கது. எனினும் போட்டி வல்லாரைத் தெரிவு செய்வது. பாடமோ எல்லார்க்கும் உரியது.

நூறு என்னும் எல்லையால் இழப்போர் யாவர்? சிற்றூர்களிலும் கடலோரக் குப்பங்களிலும் உள்ள சிறு பள்ளிகளின் பிள்ளைகளே. மாணவர் தொகை குறைந்தால் கணிதம் நீக்கப்படுவதில்லை. ஓவியம் மட்டும் நீக்கப்படுவது முறையோ?

முகத்துவாரக்குப்பம் கற்பிப்பது

கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ள மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். அவ்வூர்ப் பிள்ளைக்கு ஓவியப் பாடம் வெளியிலிருந்து வரவேண்டுவதில்லை. படகின் வளைவில் வடிவியல் உண்டு. வலைக்கண்களின் ஒழுங்கில் கோலம் உண்டு. நண்டிலும் இறாலிலும் உயிரியல் உண்டு. அடிவானில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் உண்டு. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. ஆண்டுதோறும் தன் ஆற்றை வரைந்து வைத்திருக்கும் பிள்ளை, அதன் மாற்றத்தைச் சான்றோடு உரைக்க வல்லதாகும். மலையும் தென்னையும் உதயசூரியனும் அச்சிட்ட படத்தைப் பார்த்துப் படியெடுக்கும் பிள்ளைக்கு அவ்வாற்றல் வாய்ப்பதரிது.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஓவிய ஆசிரியரைத் தனிப்பள்ளியின் தொகைகொண்டு கணக்கிடாது, குறுவள மைய அளவில் கணக்கிடுதல் வேண்டும். அண்மையிலுள்ள சிறு பள்ளிகள் சில சேர்ந்து ஒரு முழுநேர ஆசிரியரைப் பெறலாம். இரண்டாவதாக, படகு கட்டுவோரும் வலை பின்னுவோரும் உரிய மதிப்பூதியத்துடன் வகுப்பறைக்கு அழைக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, படியெடுக்கும் திறனைவிட, மாணவர் கண்டு வரைந்த ஏட்டையே மதிப்பீட்டிற்குக் கொள்ளல் நன்று. நான்காவதாக, அறிவியலையும் புவியியலையும் வரைந்து கற்பிக்கும் முறையில் எல்லா ஆசிரியர்க்கும் பயிற்சி தேவை.

ஓவியம் சோறு போடுமா எனப் பெரியோர் வினவுவது இயல்பே. கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு, அச்சுத்தொழில், பொறியியல் ஆகிய அனைத்திற்கும் வரைதலே தொடக்கம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லூரி மாணவராகிய நாமும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாள்தோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து வரையலாம். வரைந்ததைத் தமிழில் சொல்லவும் எழுதவும் துணைநிற்கலாம். பரங்குன்றத்து மண்டபத்தில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ!

முடிவுரை

உழைப்பாளரின் உருவைக் கடற்கரையில் சிலையாக நிறுத்திய நகரம் நம் நகரம். அவ்வுழைப்பாளரின் பிள்ளைகள் கையில் எழுதுகோலோடு தூரிகையும் தருதல் அந்நகரின் கடன். அக்கடனை ஆற்ற எண்ணிக்கை தடையாதல் ஆகாது.